தலைவரைத் தள்ளிவிடும் விளையாட்டு

காலை டீ ஆறுவதற்குள் ஐயாவு பஞ்சாயத்துத் தலைவரை ஏழெட்டுத் தடவை வாய்க்காலில் தள்ளிவிட்டிருந்தார்.

செல்போனில்தான்.

போன், சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பியது. அதிலிருந்த விளையாட்டு, பெங்களூரிலிருந்து வந்தது. தலைவர் சாரங்கபாணியை எதிர்த்து இந்தத் தடவை கிளாட்சன் நிற்கிறான். அவன் தங்கை ஜெனித்துக்கு அங்கே கம்ப்யூட்டர் வேலை. அண்ணனுக்கு ஓட்டுச் சேர்க்க அவள் செய்து அனுப்பிய கேம் அது.

ஊர் வாய்க்காலை அப்படியே வரைந்திருந்தாள். வாய்க்கால் தொடங்கும் தலைப்பில் மணல் மூட்டைகளைக் குறுக்கே அடுக்கி, அதன்மேல் பெரிய மீசைக்காரர் ஒருவர் சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பார். பெயர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை.

விரலால் தள்ளினால் தொபுக்கென்று விழுவார். மூட்டையை எடுத்தால் தண்ணீர் ஓடும். வயல் ஒவ்வொன்றாகப் பச்சையாகும். கடைசி வயலும் பச்சையானால் மணி அடிக்கும். கிளாட்சன் கும்பிட்டபடி வந்து, பூட்டு சாவி சின்னத்துக்கு ஓட்டுக் கேட்பான்.

ஐயாவு அதுவரைக்கும் போனதே இல்லை. தள்ளுவதிலேயே அவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

"அந்த ஆளை எத்தனை தடவைதான் மாமா தள்ளுவீங்க?" என்றான் கிளாட்சன், டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்து.

"நிஜத்துல ஒரு தடவைகூடத் தள்ள முடியலையேடா."

சாரங்கபாணிமேல் அவருக்கு அவ்வளவு கோபம். தன் வயல் தலைப்பில் இருக்கிற திமிரில் வாய்க்காலை அடைக்கிறவன். அது மட்டுமில்லை. மகள் காதுகுத்துக்குக் கூப்பிட்டுவிட்டு, பந்தியில் இவர் இலையைத் தாண்டிப் பாயசத்தைக் கொண்டுபோன வீடு அது. அந்தப் பெண்ணுக்கே இப்போது கல்யாணமாகிவிட்டது. பாயசம் மட்டும் ஐயாவுக்கு ஆறவில்லை.

"அதை விடுங்க மாமா. காளியம்மாள் அக்கா பிடி கொடுக்க மாட்டேங்கறாங்க. மகளிர் குழு மொத்தமும் அவங்க சொல்ற பக்கம்தான் சாயும். போய்க் கேட்டேன். பாப்போம் தம்பின்னுட்டாங்க."

"கேமைக் காட்டுனியா?"

"இல்ல மாமா."

"பின்ன எப்படி விழும் ஓட்டு? நான் பாத்துக்கறேன், நீ போ."

காளியம்மாளின் இரண்டு மா குத்தகை நிலம், ஐயாவு வயலுக்கு அடுத்தாற்போல் கீழே இருந்தது. வாய்க்காலில் அதுதான் கடைசி. ஐயாவு போனபோது அவள் வயல் வெடிப்புக்குள் கால் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன காளியம்மா, இப்படிக் காஞ்சு கிடக்கு?"

"பொதி கட்டுற நேரம்ணே. இந்த வாரம் தண்ணி வரலைன்னா கதிரே வராது. மாட்டுக்கு வைக்கோல் தேறுனாலே பெருசு."

"எல்லாம் அந்த மீசையால வந்தது. அவன் அடைச்சது போகக் கசிஞ்சு வர்றது எனக்கே பத்தல. இங்க பாரு, ஒண்ணு காட்டுறேன்."

தள்ளினார். தொபுக்.

காளியம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"நல்லா விழுறாரே."

"இன்னொரு தடவை தள்ளட்டா?"

"வேணாம்ணே, சளி பிடிச்சுக்கப் போவுது. தண்ணியைத் தொறங்க, பாப்போம்."

மூட்டைகளை எடுத்தார். தண்ணீர் மதகைத் தாண்டியது. மோட்டார் கொட்டகையைத் தாண்டியது. வயல்கள் பச்சையாகிக்கொண்டே வந்தன.

"இது உங்க வயல்தானண்ணே?"

"பின்ன? வேப்பமரத்தைக்கூட விடாம வரைஞ்சிருக்கா பாரு அந்தப் பொண்ணு."

சொல்லிக்கொண்டே ஒரு மூட்டையை விரலால் இழுத்துவந்து, தன் வயலுக்குக் கீழே வாய்க்காலில் குறுக்காக வைத்தார்.

அவர் வயல் பச்சையானது. அப்புறம் கரும்பச்சையானது. மணி அடிக்கவில்லை.

"என்னண்ணே, அப்படியே நின்னுடுச்சு?"

ஐயாவு போனை உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினார். தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

"டவர் கிடைக்கல போல."

"இந்த மூட்டை எதுக்குண்ணே?"

"எது?"

"இப்ப வச்சீங்களே, இது."

"அதுவா... நம்ம வயல் நிறையட்டும்னு. நிறைஞ்சதும் எடுத்துட வேண்டியதுதான்."

"போன்லயும் அதே இடத்துலதான் வைக்கிறீங்க" என்றாள் காளியம்மாள்.



அவள் போனை வாங்கி, ஒரு விரலால் அந்த மூட்டையை ஓரமாகத் தள்ளினாள். தண்ணீர் இறங்கி ஓடியது. கடைசி வயலும் பச்சையானது. மணி அடித்தது. கிளாட்சன் கும்பிட்டபடி வந்து நின்றான்.

"அட, வந்துட்டான்" என்றார் ஐயாவு. "இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் இவனைப் பாக்கறேன். அப்ப, குழு ஓட்டு?"

"கிளாட்சன் தம்பிக்குத்தான். நான் சொல்லிடறேன்."

"அதானே. சாரங்கபாணி தோக்கட்டும், அப்புறம் பாரு."

காளியம்மாள் திரையைச் சேலையில் துடைத்து அவர் கையில் கொடுத்தாள்.

"அவரு தோத்தா உங்க வயலுக்கு நல்லாத் தண்ணி வரும். என் வயலுக்கு வர யாருண்ணே தோக்கணும்?"