மணல் குவாரியில் ஒரு நிஜ ஆலா

பறவைகள் இடத்தைவிட்டுப் பறந்துபோகாதவரை தாமிரபரணியில் மணல் அள்ளலாம். அவை முட்டையிட்டால் நிறுத்திவிட வேண்டும். இதுதான் சட்டம். அதனால் பறவைகள் இருப்பதாகக் கணக்குக் காட்ட, குவாரிக்காரர்கள் முட்டையிடாத இயந்திர ஆலாப் பறவைப் பொம்மைகளை மணல்திட்டில் நிறுத்தியிருந்தார்கள். அவற்றைத் துடைத்துவைப்பது முப்பிடாதியின் வேலை.

ஒருநாள் நிஜமான ஆண் ஆலா ஒன்று வந்தது. ஒரு பொம்மையின் முன் கெண்டைக்குஞ்சை வைத்துவிட்டுக் காத்திருந்தது. பொம்மை தின்னவில்லை என்றதும் பறந்துபோய் இன்னொரு மீனைக் கொண்டுவந்தது.

முப்பிடாதிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேற்பார்வையாளர் ஞானதுரையிடம் ஓடினாள்.

"சார், உசுருள்ள ஆலா வந்திருக்கு!"

அவர் முகம் மாறியது. "இன்னிக்கு ஒண்ணு வரும், நாளைக்குச் சோடியா வந்து முட்ட போடும். குவாரிய மூடிட்டா உனக்கு யாரு சோறு போடுவா? கொன்னுரு."

அவள் கல்லெறிந்து துரத்திப் பார்த்தாள். அது சுற்றிவந்து பொம்மையை ஒட்டியே உட்கார்ந்தது. அவள் கையால் பிடித்தபோதும் பொம்மையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைத் திருகினாள்.

ஞானதுரை வந்து பார்த்தார். "தூக்கிப் போட்ராதம்மா. நாலஞ்சு பொம்மைக்கு இறகு கொட்டிப்போச்சு. பிடுங்கி ஒட்டிரு."

முப்பிடாதி மணலில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். அதன் உடம்பு இன்னும் சுட்டது.