பின்சட்டத்தின் எடை

அம்பிகா கம்ப்யூட்டரில் வரைந்த புதுப் படகு, ஆளே ஏறாமல் திரையில் இடப்பக்கம் சாய்ந்தது. நாம் கொடுக்கும் எடைகளைத்தான் கம்ப்யூட்டர் கூட்டும். கொடுக்காத ஐம்பத்திரண்டு கிலோ, படகின் பின்பக்கக் குறுக்குச் சட்டமான பின்சட்டத்தின் மேல் இடப்பக்கமாக இருந்தது. அழித்தாள், திரும்ப வந்தது. சட்டங்களைப் புதிதாக வரைந்தாள். அதே இடத்தில் வந்தது.

1987-ல் இதே பட்டறையில் கட்டிய படகு அணையில் கவிழ்ந்துதான் அவள் தம்பி பரணி இறந்தான். இது கவிழக் கூடாது.

திண்டுக்கல் பட்டறை முதலாளி பாரூக் எட்டிப் பார்த்தார். “இம்புட்டுச் சாயுதே! எவன்மா அதுக்குள்ள ஏறி உக்காந்திருக்கான்?”

“பரணிதான் பாய். எப்பவும் பின்னாடி இடப்பக்கந்தான் உக்காருவான்.”

பாரூக் சிரிக்கவில்லை.

அவள் வலப்பக்கம் தனக்கோர் இருக்கை வரைந்து, தன் எடையைக் கொடுத்தாள். தம்பியின் ஐம்பத்திரண்டு கிலோவைவிட அவள் எடை குறைவு. அதற்கேற்ப இருக்கையை விளிம்பை நோக்கிச் சற்றுத் தள்ளினாள். படகு நேராக நின்றது.