ஆற்றங்கரை டவர்

"அணையைத் திறந்துட்டாங்கம்மா! ஆத்தங்கரைத் தெருவுக்கு எச்சரிக்கை போச்சா, இல்லையா?"

தலைமைப் பொறியாளர் ஓடி வந்த வேகத்தில் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கைபேசி நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்த அவள் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"வரிசையில நிக்குது சார். மெயின் கேபிள் அறுந்ததுலேர்ந்து அந்த டவருக்கு நூல் மாதிரி ஒரு லைன்தான் மிச்சம். அதையும் ஜனங்க ஆத்தை வீடியோ புடிச்சு அனுப்பி அனுப்பியே அடைச்சு வச்சிருக்காங்க."

"ஊர் முழுகப் போறப்போ வீடியோவா! எச்சரிக்கையைத் தவிர மத்ததையெல்லாம் வெட்டு."

"பேசற கால் கூடவா சார்?"

"எல்லாத்தையும்தான்."

அந்த டவருக்குக் கீழேதான் அவள் அக்காவின் வீடு. அக்கா, மாமா, இரண்டு குழந்தைகள். காலையிலிருந்து போன் போட்டும் லைன் கிடைக்கவில்லை. இனி கிடைக்கவே கிடைக்காது. பல்லைக் கடித்துக்கொண்டு கால், வீடியோ, ஆப் என்று அந்த லைனில் ஒவ்வொன்றின் பங்கையும் பூஜ்யமாக்கினாள்.

வரிசை சட்டென்று காலியானது.

"போயிடுச்சு சார்!"

மற்ற டவர்களைச் சரிக்கட்டவே நேரம் ஓடிவிட்டது. அப்புறம்தான் சார் கேட்டார்: "ஆத்தங்கரையில எத்தனை பேருக்குச் சேர்ந்திருக்கு?"

பார்த்தாள்.

"ஒருத்தருக்குக்கூட இல்ல சார்."

"என்னம்மா உளர்றே? எது வழியா அனுப்பினே?"

"எச்சரிக்கைக்குன்னே நாம புதுசா விட்டோமே, அந்த ஆப்..."

சொல்லும்போதே புரிந்துவிட்டது. வெட்டியதில் எச்சரிக்கையையும் சேர்த்தே வெட்டியிருந்தாள்.

"திற! சீக்கிரம் திற!"

அவசரத்தில் இரண்டு தரம் தப்பாக அழுத்தினாள். சரியாக அழுத்தியபோது திரையில் அந்த டவரே இல்லை. தண்ணீர் ஏறிவிட்டது.

சார் அப்படியே நாற்காலியில் சரிந்தார். அவளுக்கு அழுகைகூட வரவில்லை.

"என் கையாலேயே சார்... எங்க அக்காவை..."

கைபேசி அடித்தது. அக்கா!

"ஏண்டி, நீங்கல்லாம் அங்க வேலை பாக்கறீங்களா, குறட்டை விடறீங்களா?"

"அக்கா! எங்க இருக்கே? மெசேஜ் வந்துதா?"

"மெசேஜா? ஒரு மண்ணும் வரலை! எடுத்த வீடியோ போகலைன்னு உங்க மாமா போனை வானத்துக்குத் தூக்கிப் புடிச்சுக்கிட்டு பின்னாடி குன்று மேல ஏறினாரு. அவர் பின்னாலேயே மொத்தத் தெருவும் ஏறிடுச்சு. மகளோட வீடியோவுல பேசியே ஆகணும்னு அடம் புடிச்ச எதிர்வீட்டுப் பெரியம்மாவைக்கூட நாற்காலியோட தூக்கிட்டு வந்துட்டாங்க. ஒரே மூட்டம், கீழே ஒண்ணுமே தெரியலை. இங்க பக்கத்து ஊர் டவர்ல கால் மட்டும்தான் கிடைக்குது, நெட் இல்ல. சீக்கிரம் நெட்டை விடுங்கடி, அது வந்தாத்தான் இங்கேருந்து ஒருத்தராவது கீழ இறங்குவாங்க!"