மருந்து வேண்டாம் என்றவர்

எட்டு ஆண்டுகளில் பெயின்டர் ஒரு மாதம்கூடத் தேதி தவறியதில்லை.

மழையானாலும் காய்ச்சலானாலும் முதல் திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு அரசு மருத்துவமனையின் பதினேழாம் எண் அறை வாசலில் நிற்பார். எச்.ஐ.வி. மருந்து தரும் அறை அது. மருந்து எடுத்துக் கொடுப்பவர் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் ‘காலண்டர்’.

இன்று காலண்டருக்கு நிலைகொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பையே நாலாவது முறையாகப் படித்தார்.

மூன்று மாதமாகப் புது மாத்திரை வந்துகொண்டிருக்கிறது. அவருக்குப் பின்னால் நிற்பவர்கள்கூட வாங்கிப் போகிறார்கள். அவர் கையில் மட்டும் பழைய புட்டி.

பழைய மாத்திரைதான் அவர் உயிரைப் பிடித்து வைத்திருந்தது. அந்த நன்றி அவருக்கு உண்டு. ஆனால் படுக்கப் போகையில் விழுங்கினால் மறுநாள் பத்து மணிவரை தலை கிறுகிறுக்கும். அவர் வேலையோ ஏழாவது மாடிச் சுவரில், கயிற்றில் தொங்கும் பலகையில்.

போன வாரம் அந்தச் சுவர் தன்னை நோக்கி நடந்து வருவது போலிருந்தது. மேலே கயிற்றைக் கவனித்துக்கொண்டிருந்த கூட்டாளி நெட்டையன் சட்டென்று பலகையை இறக்கிவிட்டான். இல்லையென்றால் பெயின்ட் வாளிக்கு முன்னால் அவர் தரையைத் தொட்டிருப்பார்.

“புதுசுல அந்தக் கிறுகிறுப்பு இல்லீங்க” என்று வரிசையில் ஒருவர் சொன்னது முதல் அவருக்குத் தூக்கமில்லை.

அவர் முறை வந்தது. ஆலோசகராகப் புதிதாக வந்திருந்த பெண் கோப்பைப் புரட்டினாள்.

“நீங்கதானே சார் வேண்டாம்னு சொன்னீங்க?”

“நானா? நான் எங்கம்மா சொன்னேன்?”

அவள் கோப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். மூன்று தொலைபேசி அழைப்புகள் தேதியோடு குறிக்கப்பட்டிருந்தன. பெயரைச் சொல்லக்கூடாது என்பது விதியாகையால், அட்டை எண்ணை மட்டும் சொல்லிப் பேசியிருக்கிறார்கள்.

முதல் அழைப்பு: தனக்கு மருந்தே தேவையில்லை என்கிறார். இரண்டாவது: கோபமாகப் பேசி வைத்துவிட்டார். மூன்றாவது: மனைவி எடுத்தார்; எந்த அறை என்று கேட்டார்; சொல்லப்பட்டது.

அதற்கும் கீழே சிவப்பு மையில், ‘மருந்து மாற்ற மறுத்துவிட்டார்.’

பக்கத்தின் தலைப்பில் தொலைபேசி எண் இருந்தது. அதை அவர் இரண்டாம் முறை படிக்க வேண்டியிருக்கவில்லை.

பதிவு செய்த முதல் நாளில் எழுத்தர் எண் கேட்டபோது, தன் எண்ணைத் தந்தால் அம்மா எடுத்துவிடுவாளோ என்று பயந்து, நாவுக்குப் பழகிய வேறோர் எண்ணைச் சொல்லிவைத்தார். அன்றாடம் காலையில் அவர் அழைக்கும் எண். நெட்டையனின் எண்.

தேதி தவறாதவரை யார் அழைக்கப் போகிறார்கள்? எட்டு ஆண்டுகள் எவரும் அழைக்கவில்லை.

ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்ட ஆமைக்கு, தன் முதுகில் தடுக்கி விழுந்தது யாரென்று தெரிவதில்லை.

நெட்டையனின் மனைவி கோபித்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகிறது. காரணம் கேட்டால் நெட்டையன் வாயே திறப்பதில்லை, கயிற்றையே பார்த்துக்கொண்டிருப்பான்.

“இது என் நம்பர் இல்லம்மா” என்றார்.

“அப்ப சரியான நம்பரைச் சொல்லுங்க. இன்னைக்கே ரத்தம் எடுத்துடலாம், ரிசல்ட் வந்ததும் புதுசு குடுத்துடுவோம்” என்றாள் ஆலோசகர்.

சொன்னார். அவள் சிவப்பு வரியை அடித்தாள். அவர் கேட்டு வந்தது இதைத்தான். ஆனாலும் அவர் கண் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தது.

“கைய ஆட்டாதீங்க. ரயிலா புடிக்கப் போறீங்க?” என்று ரத்தம் எடுத்த நர்ஸ் அதட்டினாள்.

முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டே வெளியே வந்து, கண்ணில் பட்ட முதல் ஆட்டோவில் ஏறினார். வழியெல்லாம் ஒரே கணக்கு. விஷயம் தெரிந்தால் மேஸ்திரி பலகையில் ஏற்றுவாரா? நெட்டையன் இனி அவர் கயிற்றைத் தொடுவானா?

பாதி வழியில் ‘திருப்புங்க’ என்று சொல்ல வாயெடுத்தார். சொல்லவில்லை.

அண்ணன் வீட்டில் கதவைத் திறந்தவள் நெட்டையனின் மனைவிதான். அவரைக் கண்டதும் அவள் முகம் இறுகியது.

“மறுபடியும் அவருக்காகப் பேச வந்தீங்களாண்ணே?”

“இல்லம்மா…”

“அந்தப் பதினேழாம் நம்பர் ரூம் எதுக்குன்னு விசாரிச்சுட்டு, ரத்தம் குடுத்துப் பாத்துடலாம் வான்னேன். ‘என்னையே சந்தேகப்படுறியா’ன்னு எகிறுறாரு. அப்பக்கூட எனக்குப் பாதி நம்பிக்கை இருந்துச்சு. போன மாசம் நீங்க இங்க வந்து, ‘அவன் என்ன தப்பு பண்ணியிருந்தாலும் மன்னிச்சிடும்மா’ன்னீங்க பாருங்க, அன்னைக்குத்தான் முழுசா உறுதியாச்சு. கூடவே இருக்கற உங்களுக்குத் தெரியாததா?”

பெயின்டர் சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

அட்டை எண், அறை எண், ஓரத்தில் எட்டு வயது குறைந்த அவருடைய புகைப்படம். அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

“போன் நம்பரை நான்தாம்மா மாத்திக் குடுத்தேன். அவன் மேல ஒரு தப்பும் இல்ல.”

உள்ளே குக்கர் இரண்டு முறை கூவி அடங்கியது.

“அவருக்குத் தெரியுமா?” என்றாள்.

“இன்னும் இல்ல. இப்ப வேலையிலதான் இருப்பான். நீயும் கூட வர்றியாம்மா? அவன்கிட்டயும் நானே சொல்லிடறேன்.”