தையல்காரரைப் பிடித்துக்கொண்ட கார்

பல வருடங்களாகப் போர்வைக்குள் கிடந்த பழைய காரின் பின்பக்கத்துக்கு அடியில் தையல்காரர் மல்லாந்து கிடக்கிறார். ஓட்டை விழுந்த பழைய பெட்ரோல் டேங்க் துருவை உதிர்த்தபடி சுவரோரம் சாய்ந்திருக்க, புது டேங்க் மாலை வெயிலில் புதுப் பாத்திரம் மாதிரி மின்னுகிறது. அதைத் தாங்கும் இரும்புப் பட்டையின் கடைசி நட்டை முறுக்கி முடித்துவிட்டு, மகாராஜா தோரணையில் வெளியே நகரப் பார்க்கிறார்; முடியவில்லை. சட்டையின் ஓரம் டேங்குக்கும் பட்டைக்கும் நடுவில் வசமாக மாட்டியிருக்கிறது. மூச்சைப் பிடித்து இழுக்கிறார். அவரே போட்ட இரட்டைத் தையல், பிரிவேனா என்கிறது. பதற்றத்தில் ஸ்பேனரும் கைக்கு எட்டாமல் உருண்டு போகிறது. "இன்னைக்குள்ள வண்டி கிளம்பலேன்னா எடைக்குப் போட்டுடுவேன்" என்று காலையிலேயே சொல்லிவிட்ட மனைவியின் செருப்புகள் வந்து நிற்கின்றன. பக்கத்தில் பழைய இரும்புக்காரரின் பூட்ஸ்.

"என்னங்க, ஆள் வந்தாச்சு. வெளிய வாங்க."

"வந்துகிட்டேதாம்மா இருக்கேன்!" கால்கள் மட்டும் தரையை உதைக்கின்றன.

மனைவி குனிந்து பார்க்கிறாள். முகமெல்லாம் கரி, மூக்கு நுனியில் துரு, டேங்கோடு ஒட்டிய சட்டை. வந்த சிரிப்பை அடக்கிக்கொண்டு நிமிர்கிறாள்.

"வண்டி இப்போ எடைக்கு இல்லைங்க. கூடவே இவரும் மாட்டியிருக்கார். ரெண்டையும் பிரிச்சு எடை போட முடியாது, போயிட்டு வாங்க."

பூட்ஸ் திரும்பி நடக்கிறது. உதைத்துக்கொண்டிருந்த கால்கள் ஓய்ந்து, ஒன்றின்மேல் ஒன்றாகச் சொகுசாக ஏறிக்கொள்கின்றன.