கழன்று விழுந்த செருப்பு

அன்று காலை அந்த வீட்டு முன்னறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இல்லாதவர்கள்தான் பிறகு அதிகம் பேசினார்கள். தையல் மெஷின் முன்னால் தையற்காரம்மா. சுவரோரம் முதல் கல்யாணத்தில் அவள் பெற்ற பெண்கள் இருவர்: ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் பெரியவள், அம்மாவுக்குப் பொத்தான் துளைக்குக் காஜா எடுத்துக் கொடுக்கும் நடுப்பெண். நாற்காலியில் மில் முதலாளியின் மகன், அவன் பக்கத்தில் வெல்வெட் தலையணையை ஏந்தியபடி மேனேஜர். வாசற்படியில், கூப்பிடாமலே வந்து நின்ற எதிர்வீட்டுக்காரி.

இன்னொருத்தி பின்னறையில் இருந்தாள். தையற்காரம்மாவின் காலஞ்சென்ற இரண்டாம் கணவருக்கு மூத்த தாரத்தில் பிறந்தவள், வீட்டுக்குக் கடைக்குட்டி. வாசலில் கார் நின்றதும் அவளைத் துணி மூட்டைகளுக்கு நடுவே தள்ளி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வந்துதான் தையற்காரம்மா மெஷினை மிதிக்க ஆரம்பித்தாள்.

இரண்டு நாள் தொடர் டூட்டி முடித்து அப்போதுதான் வீடு திரும்பியிருந்த பெரியவளுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை.

தலையணை மேல் கண்ணாடிக் கல் பதித்த ஒற்றைச் செருப்பு மின்னியது. குதிகால் நாலு விரற்கடை உயரம்.

"முந்தாநாள் விருந்துல எங்க சின்ன முதலாளியோட ஆடின பொண்ணு விட்டுட்டுப் போனது. இது யார் காலுக்குச் சரியா இருக்கோ, அவங்கதான் எங்க வீட்டு மருமகள்" என்றார் மேனேஜர், பதினேழாவது வீட்டில் சொல்லும் அலுப்போடு.

"மூணு மணி நேரம் அவகூட ஆடினவருக்கு முகம் ஞாபகம் இல்லையா தம்பி?" என்றாள் தையற்காரம்மா.

"முகமூடி போட்ட விருந்துங்க" என்றார் மேனேஜர்.

"மூடி கண்ணுக்குத்தானே? பேர் கேக்கற வாய்க்குமா மூடி?"

எதிர்வீட்டுக்காரி களுக்கென்று சிரித்தாள். "அது சரி, நெத்தியில என்ன தம்பி கட்டு?"

"கார்க் கதவு இடிச்சிருச்சு" என்றான் அவன்.

பெரியவளின் கண் தொழில் பழக்கத்தில் அங்கே போனது. கட்டின் ஓரம் விலகிக் காயம் தெரிந்தது; மூன்று தையல் இருக்கும். கார்க் கதவு இவ்வளவு சின்னதாகவும் இவ்வளவு ஆழமாகவுமா இடிக்கும் என்று தோன்றியது. விருந்தாளியை நோண்டக் கூடாது என்று விட்டுவிட்டாள்.

அவள் காலில் செருப்பு பாதிகூட ஏறவில்லை. "நாளெல்லாம் நின்னு சம்பாதிக்கிற கால். பொம்மைச் செருப்புல நுழையுமா?" என்று தாய் பெருமையாகவே சொன்னாள்.

நடுப்பெண்ணின் பாதம் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. குதிகால்தான் பாக்கி. தையற்காரம்மா கையில் பிடித்திருந்த கத்திரிக்கோலோடு குனிந்தாள். குதிகாலையே நறுக்கிவிடுவாளோ என்று எதிர்வீட்டுக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

பெரியவளுக்கு மட்டும் அம்மா முணுமுணுத்தது கேட்டது. "விரலை நல்லா விரிச்சு வைடி."

குதிகால் நுழையவில்லை.

பெரியவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. எந்தத் தாயும் விரலை மடக்கத்தானே சொல்வாள்? தானும் படுக்கமாட்டேன், தள்ளியும் படுக்கமாட்டேன் என்றால் என்ன அர்த்தம்?

"இன்னொரு பொண்ணு இருக்காமே?" என்றார் மேனேஜர்.

"இருக்கே! மூத்த தாரத்துப் பொண்ணு. கிளி மாதிரி இருக்கும்" என்று எதிர்வீட்டுக்காரி முந்திக்கொண்டாள்.

"மாமா வீட்டுக்கு அனுப்பியாச்சு."

"நேத்து சாயங்காலம் மாடியில துணி காயப்போட்டாளே?"

"நேத்து சாயங்காலம் இருந்தா. இன்னைக்குக் காலையில இல்ல. உங்களைக் கேட்டுட்டு அனுப்பணுமா?"

மகன் எழுந்து பின்னறைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தான். தையற்காரம்மா குறுக்கே போய்க் கதவில் முதுகைச் சாய்த்து நின்றாள். கத்திரிக்கோல் இன்னும் கையில்தான் இருந்தது.

"பொண்ணு பார்க்க வர்றவங்க முகத்தைப் பார்த்து எனக்குப் பழக்கம். காலைப் பார்க்க வந்தவர் நீங்க ஒருத்தர்தான். பார்த்தாச்சு. போயிட்டு வாங்க."

அவன் அவளையும் பூட்டையும் மாறி மாறிப் பார்த்தான். மேனேஜர் இருமினார். சற்று நேரத்தில் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. எதிர்வீட்டுக்காரி செய்தியோடு தெருவுக்குள் பாய்ந்தாள்.

பெரியவள் வெடித்தாள். "ஏம்மா, வாசல் தேடி வந்த வாழ்க்கையை இப்படிக் கெடுப்பியா? அந்தப் பொண்ணு அவதான்னு உனக்குத் தெரியும். விருந்துக்குக் கவுன் தைச்சுக் கொடுத்ததே நீதான்! ஊர் சொல்றது சரிதான். நீ பெத்த பொண்ணா இருந்தா பூட்டி வைப்பியா?"

தையற்காரம்மா இடுப்பிலிருந்து சாவியை உருவினாள். பூட்டைத் திறந்தாள்.

கடைக்குட்டி ஓடிவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். "போயிட்டானா சித்தி?"

"போயிட்டான்டா கண்ணு. இனி வரமாட்டான்."

வாழ்க்கையைப் பறிகொடுத்தவள் போல அவள் அழவில்லை. அவள் மணிக்கட்டில் நாலு விரல் தடம் நீலமாகக் கன்றிப்போயிருந்ததைப் பெரியவள் இப்போதுதான் கவனித்தாள்.

"என்னடி இது? ஆஸ்பத்திரி வரைக்கும் ஒரே பேச்சு. நீ ஓடின அவசரத்துல செருப்பு கழண்டு விழுந்துச்சு, அவன் அதை எடுத்து வச்சுக்கிட்டு உருகுறான்னு..."

கடைக்குட்டி சித்தியின் தோளிலிருந்து தலையை நிமிர்த்தினாள்.

"கழண்டு விழலைக்கா. கழட்டி அடிச்சேன்."