ஏழாம் நம்பர்

"மறுபடியும் ஏழாம் நம்பரா? அலமாக்!"

முதலாளி குகநாதன் அந்த ஸ்போக் சாவியை மேசை மேல் வீசினார். சிங்கப்பூர் சைக்கிள் கடையிலிருந்து திரும்பி வந்த சாவி. சக்கரக் கம்பியின் திருகைக் கவ்விப் பிடிக்க வேண்டிய வாய் லூசாகி, வழுக்கி, திருகையே மழுக்கிவிட்டதாம்.

மலேசியாவின் லாயாங் லாயாங்கில் இருக்கும் அந்தச் சின்னக் கம்பெனி சைக்கிள் பழுதுபார்க்கும் கருவிகள் மட்டும்தான் செய்கிறது. விலை கொஞ்சம் கூடத்தான். ஆனால் ஆயுசுக்கும் உழைக்கும் என்று பேர். சாவியின் வாயை அரத்தால் ராவிப் பதமாக்குகிறவர் யாரோ, அவருடைய நம்பர் பிடியில் அடிக்கப்பட்டிருக்கும். கெட்டுப்போய் வந்தால் யார் கைவேலை என்று விசாரிக்கவே வேண்டாம்.

ஏழு, யுகேந்திரன். இரண்டு பெண் பிள்ளைகளுக்கு அப்பா. சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவன்.

பக்கத்து மேசை ராசம்மாவின் நம்பர் நாலு. கம்பெனி தொடங்கிய காலத்திலிருந்து இருக்கிறாள். ஒரு நாலாம் நம்பர்கூட இதுவரை திரும்பி வந்ததில்லை. அந்தப் பெருமை அவளுக்குக் கொஞ்சம் அதிகமாகவே உண்டு.

"ஏன்டா தம்பி, கையில வெண்ணெய் தடவிக்கிட்டா வேலை செய்ற?"

யுகேந்திரன் சிரித்தான். "விடுங்கக்கா. உங்க ட்ரேயைக் கொடுங்க, நம்பர் அடிச்சிடுறேன்."

ராசம்மாவுக்குத் தோள்பட்டை வலி. சுத்தியலைத் தூக்கினால் உயிர் போகும். ரொம்ப நாளாகவே அவளுடைய சாவிகளுக்கும் அவன்தான் நம்பர் அடித்துக் கொடுக்கிறான். அவன் உருப்படியாகச் செய்வது அது ஒன்றுதான் என்பது அவள் கட்சி.

"எல்லாரும் வீட்டுக்குப் போனப்புறமும் இவன் மட்டும் உட்கார்ந்து ராவிக்கிட்டே இருக்கான். வேலை நேரத்துல முடிக்கத் துப்பில்ல" என்று பேக்கிங் கோமளாவிடம் புலம்புவாள். அதோடு, "இந்த லைட்டு வேற சனியன், மங்கிக்கிட்டே போகுது. பாஸ்கிட்ட மாத்தச் சொல்லணும் லா" என்பாள்.

கோமளா தலையை ஆட்டிவிட்டுப் பெட்டி ஒட்டுவாள்.

இந்தத் தடவை சிங்கப்பூர்க் கடைக்காரன் கறாராகச் சொல்லிவிட்டான். இன்னும் ஒரு சாவி வழுக்கினால் ஆர்டர் கிடையாது. கம்பெனிச் சரக்கில் பெரும்பகுதி போவதே அங்கேதான்.

ராசம்மாவுக்கு வீட்டில் சர்க்கரை வியாதியில் காலை எடுத்துவிட்டுப் படுத்திருக்கும் புருஷன். இந்த வயதில் அவளுக்கு வேறு எவன் வேலை கொடுப்பான்? நேராகக் குகநாதன் அறைக்குப் போனாள்.

"பாஸ், சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. ஒருத்தனுக்குப் பாவம் பார்த்தா நாங்க எல்லாரும் தெருவுலதான் நிக்கணும்."

குகநாதன் அன்று சாயங்காலமே யுகேந்திரனை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்.

அவன் யாரிடமும் சண்டை போடவில்லை. "வரேன்கா" என்று ராசம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் மோட்டார் சைக்கிளை எடுத்தான். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இனிமேல் சோதிக்காமல் ஒரு சாவிகூட வெளியே போகக் கூடாது என்று உத்தரவானது.

அடுத்த வாரம் ராசம்மா பல்லைக் கடித்துக்கொண்டு தானே நம்பர் அடித்தாள். ட்ரேயைக் கொண்டுபோய்க் கோமளா முன்னால் வைத்தாள்.

கோமளா ஒரு சாவியை எடுத்துக் கம்பியில் மாட்டித் திருகினாள். வழுக்கியது. இன்னொன்றை எடுத்தாள். அதுவும் வழுக்கியது.

"அக்கா, இது பிடிக்க மாட்டேங்குதே."

"அவன் செஞ்சது மிச்சம் கிடந்திருக்கும். தூக்கிப் போடு."

கோமளா ட்ரேயை அவள் பக்கம் திருப்பினாள். ராசம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு குனிந்தாள். தெரியவில்லை. விரலால் தடவிப் பார்த்தாள்.

எல்லாம் நாலு. காலையில் அவள் கையாலேயே அடித்த நாலு.

சத்தம் கேட்டுக் குகநாதன் வந்தார். அவரும் மாட்டிப் பார்த்தார். ட்ரேயில் பாதி தேறவில்லை.

மங்கியது லைட்டு இல்லை, தன் கண் என்று ராசம்மாவுக்கு அப்போதுதான் புரிந்தது. எல்லாரும் போன பிறகு அவன் உட்கார்ந்து ராவியது இவளுடைய சாவிகளை. ராவியும் சந்தேகமாக இருந்ததற்கெல்லாம் தன் நம்பரை அடித்திருக்கிறான். இவளைக் காப்பாற்றியவனை இவளே போட்டுக்கொடுத்திருக்கிறாள். பாவி, பாவி என்று மனசு அடித்துக்கொண்டது.

"பாஸ், அவனைக் கூப்பிடுங்க பாஸ். தப்பு என்னோடது. நான் போயிடுறேன்."

"எங்கன்னு கூப்பிடறது? வீட்டைக் காலி பண்ணிட்டு ஜொகூர் பாரு பக்கம் லோரியில மூட்டை ஏத்தப் போயிட்டானாம். போன் நம்பரையும் மாத்திட்டான்."

குகநாதன் அவன் உட்கார்ந்திருந்த முக்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"போற அன்னிக்கு என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான், ராசம்மா. 'அக்காவுக்குத் தோள் வலி பாஸ், பாவம், அவங்களைப் பேக்கிங்குக்கு மாத்திடுங்க'ன்னான். நீங்க புகார் சொன்னதுக்குப் பழி வாங்குறான்னு நினைச்சு, வாயை மூடிட்டுப் போடான்னு நான்தான் விரட்டிட்டேன்."